கவுன்ட்டியா, மருத்துவமனையா, தொண்டு நிறுவனமா: கலிஃபோர்னியாவில் சமூகப் பணி

சென்னையிலோ திருச்சியிலோ எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுநிலைப் பட்டம்) முடித்து, கல்யாணமாகி, சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் குடிவந்த பெண்கள் வேலை அனுமதி கைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கவுன்ட்டி வேலைக்குப் போடலாமா?" என்பதுதான். கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அரசு வேலை, பென்ஷன், யூனியன், மருத்துவக் காப்பீடு என்று நம் வீடுகளில் கேட்டுப் பழகிய எல்லாம் அதில் இருக்கிறது. தாராளமாகப் போடலாம். ஆனால் எந்தப் பிரிவுக்கு என்று முடிவு செய்யாமல் போடாதீர்கள். ஒரே கவுன்ட்டியில் வேலை செய்யும் இரண்டு சோஷியல் வொர்க்கர்களின் நாள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். நான் முதியோர் பிரிவில் வேலை செய்பவள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டல்லஸில் இருக்கும் அக்கா சொன்னதை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது. கலிஃபோர்னியாவில் விதிகளை மாநிலம் போடுகிறது, ஆள் எடுப்பதும் நடத்துவதும் 58 கவுன்ட்டிகள். பென்சில்வேனியா, ஒஹாயோ, மினசோட்டாவிலும் குழந்தைகள் நலன் கவுன்ட்டியின் கையில்தான். டெக்சஸில் அது மாநிலத் துறை. ஃப்ளோரிடாவில் குழந்தை பராமரிப்பின் பெரும்பகுதியை உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நியூ ஜெர்சியில் குழந்தை பாதுகாப்பு மாநிலத்திடம், உணவு உதவியும், குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும் கவுன்ட்டி அலுவலகத்தில். இனி நான் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு.

குழந்தைகள் நலப் பிரிவு

இங்கேதான் எப்போதும் ஆள் தேவை. விளம்பரம் அடிக்கடி வரும், வேலையும் ஓரளவு சீக்கிரம் கிடைக்கும். அதனாலேயே நிறையப் பேர் யோசிக்காமல் இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பள்ளி ஆசிரியை ஹாட்லைனில் அழைத்து, ஒரு பையனின் முதுகில் தடிப்பு இருக்கிறது என்கிறார். விசாரிக்க வேண்டிய புகார்தான் என்று முடிவானால், உடனே போக வேண்டியதா, 10 நாளுக்குள் போகலாமா என்று பிரிக்கிறார்கள். எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் பணியாளர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். யாரும் அவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பையனிடம் தனியாகப் பேச வேண்டும், தம்பி தங்கைகளையும் பார்க்க வேண்டும், ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். பெற்றோர் கோபத்தில் கத்துவார்கள், அழுவார்கள், சிலர் காபி கொடுப்பார்கள். மூன்றையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்ளப் பழக வேண்டும்.

குழந்தையை வீட்டிலிருந்து எடுக்கும் நிலை வந்தால் நீதிமன்ற வாரன்ட் வேண்டும். உடனடி ஆபத்து என்றால் மட்டும் வாரன்ட் இல்லாமல் எடுக்கலாம். எடுத்த 48 மணி நேரத்துக்குள், விடுமுறை நாட்கள் நீங்கலாக, நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அடுத்த நீதிமன்ற நாளே விசாரணை. அந்த அறிக்கையை எழுதுவது நீங்கள். அதே அறிக்கையை வைத்துக்கொண்டு பெற்றோரின் வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். அப்புறம் கடிகாரம் ஓடத் தொடங்கும்: பெற்றோர் திருந்திக் குழந்தையைத் திரும்பப் பெற, 3 வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம். நீட்டிப்பு உண்டு, ஆனால் முடிவில்லாமல் நீளாது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஒரு தாய்க்கு 6 மாதம் என்பது எவ்வளவு குறைவு என்று உங்களுக்குத் தெரியும். நான்கு மாதக் குழந்தைக்கு அதே 6 மாதம் எவ்வளவு நீளம் என்பதும் தெரியும். இரண்டு உண்மைகளையும் ஒரே அறிக்கையில் எழுத வேண்டும்.

பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் பாம்டேல் என்ற ஊரில் 8 வயதுச் சிறுவன் தாயாலும் அவருடைய துணைவராலும் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தான். முன்பே பல புகார்கள் வந்திருந்தன. 2016இல் நான்கு சமூகப் பணியாளர்கள் மீதே கிரிமினல் வழக்குப் பதிவானது. மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2020இல் அது தள்ளுபடியானது. இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் அந்த வழக்கைப் பற்றிப் படித்துவிட்டு வர வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. போன நேரம், பார்த்தது, பேசியது எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வைக்கிற பழக்கம் இல்லாதவர் இங்கே வரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேஸ்லோடு, அதாவது ஒருவர் கையில் உள்ள கேஸ்களின் எண்ணிக்கை, பழைய தலைவலி. 1984இல் வகுத்த அளவுகோல், நீண்டகாலப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளில் 54 பேரை ஒருவர் தலையில் கட்டியது. சட்டமன்றம் கேட்டு 2000இல் வெளிவந்த எஸ்.பி. 2030 (இது மசோதாவின் எண்) ஆய்வு, குறைந்தபட்சத் தரத்துக்கே அது 24க்குள் இருக்க வேண்டும் என்றது. அதனால் இன்டர்வியூவில் கடைசியாக "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்கும்போது, அந்த யூனிட்டில் இப்போது ஒருவருக்கு எத்தனை கேஸ், எத்தனை இடம் காலி என்று தயங்காமல் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: ஒரு குழந்தையின் ஆயுளையே திருப்பிவிடும் அதிகாரம் இந்த வேலை அளவுக்கு வேறு எந்தச் சமூகப் பணியிலும் இல்லை. அதைத் தாங்கும் மனம் உள்ளவர்கள் இதை விட்டு வெளியே வர மாட்டார்கள்.

முதியோர் பிரிவு: ஐ.எச்.எஸ்.எஸ்., ஏ.பி.எஸ்.

ஐ.எச்.எஸ்.எஸ். என்பது மெடி-கேல் (கலிஃபோர்னியாவின் மெடிக்கெய்டு) உள்ள முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் நர்சிங் ஹோமுக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்க, உதவியாளருக்குச் சம்பளம் தரும் திட்டம். மகளோ மருமகளோகூட அந்த உதவியாளராகச் சம்பளம் வாங்கலாம். மாதத்துக்கு அதிகபட்சம் 283 மணி நேரம். எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுவதுதான் சோஷியல் வொர்க்கர் வேலை. குளியல், உடுத்துதல், சமையல், நடமாட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம் போட வேண்டும்.

கேட்க சுலபமாக இருக்கும். ஒரு பாட்டியம்மா சோஃபாவில் உட்கார்ந்திருக்கிறார், நெற்றியில் விபூதி, கொசுவம் கலையாத புடவை. "நீங்களே குளிப்பீங்களாம்மா?" என்றால், "எல்லாம் நானேதான் செஞ்சுக்கிறேன், யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டேன்" என்பார். பின்னால் நிற்கும் மகள் இல்லை என்று தலையாட்டுவார். பாட்டி சொன்னதை அப்படியே எழுதினால் மணி நேரம் குறைந்துவிடும். மகளின் தலையசைப்பை மட்டும் நம்பினால் கணக்குத் தவறும். "பாத்ரூமைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று எழுப்பிவிட்டு, எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறார், எத்தனை முறை முயல்கிறார், சுவரைப் பிடிக்கிறாரா, குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்ட யாரைத் தேடுகிறார் என்று பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்களின் மானம் எப்படிப் பேசும் என்று தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி! கேஸ்களின் எண்ணிக்கை குழந்தைகள் பிரிவைவிடப் பல மடங்கு கூடுதல், ஆண்டு மறுமதிப்பீடு மலைபோல் குவியும். ஆனால் நள்ளிரவில் போன் வராது, சாயங்காலம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரலாம்.

ஏ.பி.எஸ்., அதாவது பெரியவர்கள் பாதுகாப்புப் பிரிவு, இதைவிடக் கடினம். 2022 ஜனவரியிலிருந்து 60 வயதானவர்களே இதன் வரம்புக்குள் வந்துவிட்டார்கள், முன்பு 65. மகனே அம்மாவின் வங்கிக் கணக்கைக் காலி செய்வது, தனியாக இருப்பவர் சாப்பிடாமல் மருந்தில்லாமல் கிடப்பது போன்ற கேஸ்கள். குழந்தைகள் பிரிவிலிருந்து இது அடிப்படையிலேயே வேறு. சுயநினைவும் முடிவெடுக்கும் திறனும் உள்ள ஒரு பெரியவர், "எனக்கு உங்க உதவி வேண்டாம், போயிட்டு வாங்க" என்று சொன்னால் நீங்கள் திரும்பத்தான் வேண்டும். கண்ணெதிரே சரிந்துகொண்டிருக்கும் ஒருவரை விட்டுவிட்டு வருவது எல்லோராலும் முடியாது. அவர் உரிமையை மதிப்பதும் வேலையின் பாதி என்று மனதார நம்புகிறவருக்கு இது நல்ல இடம்.

எலிஜிபிலிட்டி வொர்க்கர் வேலையையும் சிலர் இதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். கால்ஃப்ரெஷ் (உணவு உதவி), மெடி-கேல், கால்வொர்க்ஸ் (பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குப் பண உதவி) விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. பல இடங்களில் பட்டம்கூடக் கட்டாயமில்லை. சமூகப் பணி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே நுழைந்து, நிரந்தரமாகி, பிறகு வேறு பிரிவுக்கு மாறப் பலர் இதைப் படிக்கட்டாக வைத்திருக்கிறார்கள்.

வெளியே: மருத்துவமனை, தொண்டு நிறுவனம்

மருத்துவமனையில் வேகம்தான் எல்லாம். காலையில் பட்டியலைக் கையில் எடுத்தால், இன்று யார் வீட்டுக்குப் போகலாம், யாருக்கு நர்சிங் ஹோமில் படுக்கை கிடைக்கும், இன்ஷூரன்ஸ் எதற்கு ஒப்புக்கொள்ளும் என்று சாயங்காலம்வரை போன்தான். நோயாளியோடு உங்கள் உறவு மூன்று நாளில் முடிந்துவிடும். வார இறுதி ஷிஃப்ட் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. கிட்டத்தட்டக் கட்டாயம், எல்.சி.எஸ்.டபிள்யூ. (தெரபி செய்ய அனுமதிக்கும் சமூகப் பணி லைசன்ஸ்) இருந்தால் முன்னுரிமை. ஒரே நோயாளியை வருடக்கணக்கில் பார்க்க ஆசைப்படுபவர்கள் டயாலிசிஸ் நிலையங்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் முதுநிலைப் பட்டம் பெற்ற சமூகப் பணியாளரின் சேவை இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. நம்மவர்கள் இதை ஏனோ தேடுவதே இல்லை.

தொண்டு நிறுவனம் என்றால் சான் ஃப்ரான்சிஸ்கோ பே ஏரியாவில் 1991இல் தொடங்கிய மைத்ரி, 1992இல் தொடங்கிய நாரிகா இரண்டும் தெற்காசியப் பெண்களுக்கான குடும்ப வன்முறை அமைப்புகள். இங்கே உங்களிடம் அரசின் அதிகாரம் இல்லை, அதனாலேயே மக்கள் உங்களிடம் வாய் திறப்பார்கள். கலிஃபோர்னியச் சட்டப்படி 40 மணி நேரப் பயிற்சி முடித்து இத்தகைய அமைப்பில் குடும்ப வன்முறை ஆலோசகராக இருப்பவரிடம் பாதிக்கப்பட்டவர் சொல்வதற்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு. கவுன்ட்டிப் பணியாளரிடம் அதே பெண் அதையே சொன்னால் அது நீதிமன்ற அறிக்கையில் ஏறக்கூடும். "என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ" என்று நடுங்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே. சம்பளம் கவுன்ட்டியைவிடக் குறைவு. மானியம் நின்றால் வேலையும் ஆட்டம் காணும்.

தமிழ் தெரிந்திருப்பது எங்கே பயன்படும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கவுன்ட்டியில் இரண்டாம் மொழிக்கான கூடுதல் சம்பளம் பெரும்பாலும் ஸ்பானிஷ், வியட்நாமிஸ், சீனம், டகாலோக் போன்றவற்றுக்குத்தான். தமிழுக்குக் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

பணமும் லைசன்ஸும்

கவுன்ட்டிப் பென்ஷன் பற்றி நம்மிடையே மிகையான எண்ணம் இருக்கிறது. 2013க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலான கவுன்ட்டிகளில் 62 வயதில் ஆண்டுக்கு 2 சதவீதக் கணக்கு. 20 ஆண்டு வேலை செய்து 62இல் ஓய்வு பெற்றால் கடைசிச் சம்பளச் சராசரியில் 40 சதவீதம். ஆயுள் முழுக்க வரும், நல்ல விஷயம்தான். ஆனால் 5 ஆண்டு முடிந்தால்தான் உரிமை. கணவருக்கு டெக்சஸுக்கு மாற்றல் வந்து மூன்றாம் ஆண்டில் கிளம்பினால், நீங்கள் கட்டியது வட்டியோடு திரும்பும், அவ்வளவுதான். அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு முக்கியம். படிப்புக் கடனைப் பொறுத்தவரை, 120 மாதத் தவணைக்குப் பிறகு மீதியைத் தள்ளுபடி செய்யும் பி.எஸ்.எல்.எஃப். திட்டம் கவுன்ட்டிக்கும் லாப நோக்கற்ற மருத்துவமனைக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் ஒன்றுதான்.

தெரபிஸ்டாக வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கே வேறு. எல்.சி.எஸ்.டபிள்யூ. லைசன்ஸுக்கு மேற்பார்வையில் 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரம். அதில் 2,000 மணி நேரம் நோயறிதல், மதிப்பீடு, சிகிச்சை சார்ந்ததாக இருக்க வேண்டும். ஐ.எச்.எஸ்.எஸ்.ஸில் படிவம் நிரப்பியது அதில் வராது. கவுன்ட்டியின் மனநலத் துறையோ மருத்துவமனையோதான் இதற்கு வழி.

இந்திய எம்.எஸ்.டபிள்யூ.வை வைத்திருப்பவர்கள் இங்கே மறுபடி படிக்கப் பணம் கட்டும் முன், சமூகப் பணிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சி.எஸ்.டபிள்யூ.இ. அமைப்பின் வெளிநாட்டுப் பட்ட மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். சமமானது என்று வந்தால் இரண்டு ஆண்டு மிச்சம். படித்தே ஆக வேண்டும், குழந்தைகள் பிரிவுதான் மனதில் என்றால், சமூகப் பணிக் கல்லூரிகளின் கூட்டமைப்பான கால்ஸ்வெக் வழியாக வரும் டைட்டில் 4-இ உதவித்தொகையைக் கேளுங்கள். வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு கவுன்ட்டிக் குழந்தைகள் நலப் பணி செய்ய ஒப்பந்தம். அந்த வேலையில் மனம் இல்லாதவர்கள் பணத்துக்காக மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

என்னைக் கேட்டால்

புதிதாக வந்தவருக்கு என் யோசனை: முதலில் தொண்டு நிறுவனத்தில் 40 மணி நேரப் பயிற்சி, தன்னார்வப் பணி. இங்கத்திய நீதிமன்றம், தங்குமிடம், போலீஸ் எப்படி இயங்குகின்றன என்று அது கற்றுத்தரும். அடுத்து ஐ.எச்.எஸ்.எஸ். அங்கே ஓரிரு ஆண்டு வீடு வீடாகப் போய்ப் பழகிய பிறகு ஏ.பி.எஸ்.ஸோ குழந்தைகள் பிரிவோ தேர்ந்தெடுங்கள். வந்தவுடன் எமர்ஜென்சி ரெஸ்பான்ஸில் குதிப்பது வேண்டவே வேண்டாம். தெரபிதான் லட்சியம் என்றால் நேராக மருத்துவமனை அல்லது மனநலத் துறை.

கவுன்ட்டி விண்ணப்பத்தில் ரெஸ்யூமேயைவிடக் கூடுதல் கேள்வித்தாள்தான் மதிப்பெண் வாங்கித்தரும். "ரெஸ்யூமேயைப் பார்க்கவும்" என்று எழுதினால் அங்கேயே கழித்துவிடுவார்கள். இந்தியாவில் செய்த களப்பணியை மணி நேரத்தோடு, எத்தனை குடும்பங்கள், என்ன செய்தீர்கள் என்று விரித்து எழுதுங்கள். தேர்வு, வாய்மொழித் தேர்வு, தகுதிப் பட்டியல், கைரேகை, பின்னணிச் சோதனை என்று மாதக்கணக்கில் இழுக்கும். பட்டியலில் பெயர் வந்தாலும் அது காலாவதியாகும், அப்போது மறுபடி முதலிலிருந்து. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பக்கத்துக் கவுன்ட்டிகளுக்கும் போட்டு வையுங்கள். பெயர்தான் மாறும், சான்டா கிளாராவில் சோஷியல் வொர்க்கர் என்பதை அலமேடாவில் சைல்ட் வெல்ஃபேர் வொர்க்கர் என்று தேட வேண்டியிருக்கும்.