பழைய வீடுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க: ஃபிலிமா, டிஜிட்டலா?

நங்கநல்லூரில் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் ஒரு வருடமாகக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துவருகிறேன். எல்லாம் சாதாரண வீடுகள்: கிரில் போட்ட வராண்டா, சன்ஷேடு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. முதல் ஆறு மாதம் ஃபிலிம், பிறகு டிஜிட்டல். இனி இந்த வேலைக்கு டிஜிட்டல்தான்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம். ரோலுக்கு 36 படம், அவ்வளவுதான். டெவலப் செய்ய 20 டிகிரி வேண்டும், மே மாதக் குழாய்த் தண்ணீரோ கொதிக்கிறது. ஐஸ் போட்டுச் சமாளித்தேன். அதெல்லாம் பழகிவிடும்.

என்னை மாற்றியது சுவரின் நிறம். ரோஸ் சுவர், ஜன்னலைச் சுற்றிப் பச்சைப் பட்டை என்று ஒரு மூலை வீடு. நேரில் பளிச்சென்று இருக்கும். இல்ஃபோர்டு எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில், லென்ஸ் முன்னால் ஃபில்டர் (நிறக் கண்ணாடி) இல்லாமல் எடுத்தேன். சுவரும் பட்டையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டன. சிவப்பு ஃபில்டர் போட்டிருந்தால் ரோஸ் வெளுத்து, பச்சை கறுத்திருக்கும். பச்சை ஃபில்டர் என்றால் நேர்மாறு. ஆனால் அதைத் தெருவில் நிற்கும்போதே முடிவு செய்ய வேண்டும். சரி, இன்னொரு நாள் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போனால் வீடு இல்லை. ஃபிளாட் கட்டப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அந்த நெகட்டிவிலிருந்து இனி எந்த வித்தையாலும் அந்தப் பட்டையைப் பிரித்தெடுக்க முடியாது.

டிஜிட்டல் கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் நிறம் போய்விடாமல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ரோஸைத் தனியே ஏற்றலாம், பச்சையைத் தனியே இறக்கலாம். (கேமராவின் கறுப்பு வெள்ளை மோடில் ஜேபெக் மட்டும் எடுத்தால் இந்த வசதி போய்விடும்.) ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் என்ற புகைப்படக்காரத் தம்பதி சீகன் பகுதி மரச்சட்ட வீடுகளை எடுத்ததுபோல நானும் மேகமூட்டமான நாளில்தான் போகிறேன். அந்த வெளிச்சத்தில் நிழல் விழாது. ஆகவே வீட்டின் ஒரு பகுதியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டப் பெரும்பாலும் சாம்பலின் ஏற்ற இறக்கத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஃபிலிமுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். உச்சி வெயிலில் சுண்ணாம்புச் சுவரை அது அழகாகத் தாங்கும்; டிஜிட்டலில் உள்ளே விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்காவிட்டால் சுவர் வெள்ளைத் தாளாகிவிடும். எது அதிக காலம் நிற்கும் என்பதில் என் அனுபவம் ஒரு வருடம்தான். நெகட்டிவ்களை சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்திருக்கிறேன், ஃபைல்கள் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன.

அடுத்த தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள். மஞ்சள் சுவர், நீலக் கதவு. ஞாயிறு காலை போகிறேன்.