பழைய பத்திரங்களுக்கு எந்த உறை: பாலியெஸ்டரா, காகித ஃபோல்டரா?

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்களுக்கு உறை தேடியதில் கடைசியில் இரண்டு மிஞ்சின: பாலியெஸ்டர் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் செய்த உறை, காரம் (அமிலத்தை முறிக்கும் பொருள்) சேர்த்த காகித ஃபோல்டர். நான் வாங்கியது ஃபோல்டர். லேமினேஷன் பக்கமே போகவில்லை. சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

பார்க்க வசதி பாலியெஸ்டர்தான். கை படாமல் இரண்டு பக்கமும் படிக்கலாம்.

என்னை ஃபோல்டர் பக்கம் தள்ளியது லேபிள். 'ஆர்க்கைவல்' என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கேட்பாரில்லை. 'ஆசிட் ஃப்ரீ' என்பதும் பாதி உண்மைதான்: தயாரித்த அன்று அமிலம் இல்லையென்றாலே அப்படிப் போட்டுவிடலாம். மரக்கூழில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் இயற்கைப் பொருள்) மிச்சமிருந்தால் அதே தாள் நாளடைவில் பழுத்து அமிலமாகிவிடும். பிளாஸ்டிக்கில் அந்தச் சொல்லால் பயனே இல்லை. சாதாரண பிவிசி உறையில் வைத்த ஜெராக்ஸின் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை மென்மையாக்கக் கலக்கும் பொருள் கசிவதுதான் காரணம். பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளியாகும். கடையில் இது என்ன பிளாஸ்டிக் என்று கேட்டால், "நல்ல குவாலிட்டி சார்" என்றுதான் பதில் வருகிறது.

காகிதத்தை ஓரளவு நாமே சோதிக்கலாம். நீண்ட காலம் நிலைக்கும் தாளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9706 என்று போட்டிருந்தால் லிக்னினுக்கு வரம்பு உண்டு, பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம்) 7.5 முதல் 10 வரை, அமிலத்தை முறிக்க 2% கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரமும் இருக்க வேண்டும். பிஎச் பேனாவால் ஃபோல்டர் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள்: ஊதா என்றால் சரி, மஞ்சள் என்றால் அமிலம். பத்திரத்தின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள், கறை போகாது. பேனாவுக்கு லிக்னின் தெரியாது, அதனால் ஐஎஸ்ஓ எண்ணும் அவசியம்.

இன்னொன்று, பழைய தாளே அமிலம் விடும். நாலு பக்கமும் மூடிய பாலியெஸ்டருக்குள் அது அடைபட்டுச் சிதைவு வேகமாகும் என்று அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாலியெஸ்டர்தான் வேண்டுமென்றால் இரண்டு பக்கம் திறந்ததை வாங்கி, பத்திரத்துக்குப் பின்னால் காரம் சேர்த்த தாள் ஒன்றை வையுங்கள். பென்சில் எழுத்துக்குப் பாலியெஸ்டரே வேண்டாம், அதன் நிலைமின்சாரம் எழுத்தை இழுத்துவிடும்.

நீல நிற ப்ளூபிரிண்ட் வரைபடங்கள் காரத்தில் வெளுக்கும். அவற்றுக்குக் காரம் சேர்க்காத தாள் வேண்டும். புகைப்படங்களை நான் அதிகம் கையாண்டதில்லை. உறை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறிய உறையா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மடிப்பில் அறுந்து துண்டாக நிற்கும் ஒரு பத்திரத்தை மட்டும் இரண்டு பக்கம் திறந்த பாலியெஸ்டரில் வைத்திருக்கிறேன். ஃபோல்டரில் வைத்தால், திறக்கும்போதெல்லாம் துண்டுகள் நகர்கின்றன.