கேரவன் ஏ.சி. கிளம்பவில்லையா? உடனே கேஸ் பிடிக்க விடாதீர்கள்

கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் ஏ.சி. மெக்கானிக் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஆள் மாறினாலும் இந்த வேலை ஒன்றுதான், விவரம் தெரிந்தால் போதும்.

எங்களுடையது டிராவலர் வேனை மாற்றிக் கட்டிய கேரவன். உள்ளே ஒரு டன் ஸ்ப்ளிட் ஏ.சி., ‘இன்வெர்ட்டர் ஏ.சி.’ அல்ல, சாதா வகை. மே மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் மாமனாரின் மாந்தோப்பில் வண்டியை நிறுத்தி, தோப்பு வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து ஏ.சி. போட்டோம். ஃபேன் நன்றாக ஓடியது. கம்ப்ரசர் மட்டும் ‘உம்ம்’ என்று முனகிவிட்டு ‘டக்’கென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே முனகல், அதே ‘டக்’.

பைபாஸ் கடையிலிருந்து வந்தவர் தரையில் கிடந்த ஒயரைத் தாண்டித்தான் வண்டிக்குள் ஏறினார். அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கேஸ் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, “சார், கேஸ் சுத்தமா இல்ல” என்றார். பிடித்தார். 3,500 ரூபாய். அன்று ராத்திரி ஏ.சி. ஜில்லென்று ஓடியது, எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் மதியம் பழையபடி முனகல்.

திரும்பக் கூப்பிட்டால், “கம்ப்ரசர் போச்சு சார், 18,000 ஆகும்” என்று 5,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். போகிற போக்கில், “ரெண்டு டியூபுலர் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் போட்டுடுங்க, கரண்ட்டே வேணாம், விடிய விடிய ஓடும்” என்று இன்னொரு வியாபாரமும் பேசினார். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி இரண்டு என்றால் காகிதத்தில் 3,600 வாட்-அவர். ஒரு டன் ஏ.சி. சுமார் 1,200 வாட் இழுக்கும். கம்ப்ரசர் விடாமல் ஓடினால் காகிதக் கணக்கிலேயே மூன்று மணி நேரம். அந்த 150 என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. கனத்த லோடில் அவ்வளவு கிடைக்காது. இன்வெர்ட்டர் நஷ்டம் வேறு. இதில் விடிய விடிய எங்கே ஓடுவது?

தர்மபுரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் மச்சான் விஷயத்தைக் கேள்விப்பட்டு கரண்ட், வோல்டேஜ் அளக்கும் டாங் டெஸ்டரோடு வந்தான். முதலில் கேட்டதே, “கம்ப்ரசரே ஓடல, அப்புறம் கேஸ் குறைச்சல்னு எப்படி மாமா கண்டுபிடிச்சாரு?” என்றுதான். கேஸ் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல, பெட்ரோல் மாதிரி செலவாகாது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்க வேண்டும். அந்த லீக்கை அவர் தேடவே இல்லை. பிடிக்க வேண்டிய அளவு அவுட்டோர் யூனிட்டின் தகட்டிலேயே கிராமில் அச்சாகியிருக்கும், எடை போட்டுத்தான் பிடிக்க வேண்டும். தராசையும் நாங்கள் பார்க்கவில்லை.

மச்சான் அளந்தபோது, சும்மா இருக்கையில் 206 வோல்ட். கம்ப்ரசர் கிளம்ப முயன்ற நொடியில் வீட்டுப் பிளக்கில் 190, வேன் முனையில் 165. அதாவது 25 வோல்ட்டை ஒயரே தின்றுவிட்டது. முப்பது மீட்டர் நீளம், ஒரு ஸ்கொயர் எம்.எம். ஒயர். லைட், ஃபேனுக்கு அது போதும். ஏ.சி. ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். பகலில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மோட்டார் ஓடுவதால் லைனிலேயே வோல்டேஜ் குறைவு. ராத்திரி அவை நின்றதும் ஏறிவிடுகிறது. அந்த ராத்திரி ஏ.சி. ஓடியது கேஸால் அல்ல.

கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரையும் கழற்றி அளந்தான். மேலே 35 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது, மீட்டரில் 22. சில நூறு ரூபாய்ச் சாமான். அதை மாற்றி, மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் கேபிள் இழுத்து, அதிகமாக அடைத்திருந்த கேஸைச் சரிசெய்ததும் உச்சி வெயிலிலேயே ஏ.சி. கிளம்பியது. ‘போன’ கம்ப்ரசர்தான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கும் இதே முனகல் வந்தால், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வேனுக்குள் வோல்டேஜ் எவ்வளவு என்று மெக்கானிக்கை அளந்து காட்டச் சொல்லுங்கள். அடுத்தது கெப்பாசிட்டர். மீட்டரே கொண்டு வராத ஆள் என்றால் அப்படியே அனுப்பிவிடுங்கள். எம்.சி.பி. (லோடு அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) விழுந்தால் பெரிய எம்.சி.பி. போடலாம் என்பார்கள், விடாதீர்கள், ஒயர்தான் எரியும்.

அட்வான்ஸைக் கேட்டால், “ஆர்டர் போட்டாச்சு சார்” என்கிறார். ஆர்டர் காப்பி கேட்டதற்குப் பதில் இல்லை. கேஸ் பிடித்ததற்கும் பில் தரவில்லை, ஜிபே பதிவு மட்டும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் எனக்கு தர்மபுரியே போதும், இதற்காகக் கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டியதில்லை.