தவக்காலத்தில் உண்டியலா, நேரடிச் சேவையா?

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம் திருநீற்றுப் புதனில் தொடங்கும். அந்த நாள் நெருங்கினால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். கறியும் டீயும் விட்டு மிச்சமாகும் காசைத் தவக்கால உண்டியலில் போடுவதா, நேரில் போய் யாருக்காவது உதவுவதா?

செலவு: நாளுக்கு 20 ரூபாய் என்றால், 6 ஞாயிறுகளைச் சேர்க்காமல் தவக்காலத்தின் 40 நாளில் 800 ரூபாய். சேவைக்குப் பஸ் காசு போதும். ஆனால் சனிக்கிழமை காலை போய்விடும்.

சுலபம்: உண்டியல்தான், சந்தேகமே இல்லை.

பலன்: காசு தூரம் போகும், நாம் பார்த்தே இராத ஊரில் ஒருவருக்கு மருந்தாகலாம். ஆனால் முதியோர் இல்லத்தில் நகம் வெட்டிவிடவும் பேச்சுத் துணைக்கும் ஆள்தான் வேண்டும். முதல் தடவை நான் ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். ஒரு பாட்டி பையை ஓரமாக வைத்துவிட்டு, "உட்காருப்பா" என்றார். ஒரு மணி நேரம் ஊர்க்கதை. பாட்டிக்குச் சர்க்கரை நோய் என்பது அப்புறம்தான் தெரிந்தது! எது தேவை என்று இல்லத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடக்கம்: திருநீற்றுப் புதன் நற்செய்தி (மத்தேயு 6) தர்மத்தை மறைவாகச் செய்யச் சொல்கிறது. உண்டியல் அதற்குத் தோது. சேவையில் செல்ஃபி ஆசை எட்டிப்பார்க்கும்.

கைக்குழந்தைக்காரர்கள், ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு உண்டியல் சரி. மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் நேரில் போகலாம். அதுவும் ஈஸ்டர் முடிந்த வாரம் போங்கள். அப்போதுதான் அங்கே ஆளே வராது.