பாட்ட மொத்தமா குடுத்துடுறதா, நாமளே வெளியிடுறதா?

போன வருஷம் வரைக்கும் நான் மொத்தமா குடுத்துட்டு இருந்த ஆளுதாங்க. கோயமுத்தூர்ல ஒரு ஸ்டுடியோக்காரர் மெட்டு அனுப்புவார், கோத்தகிரில உக்காந்து தமிழ்லயோ எங்க நீலகிரி படுகர் பேசுற படுகு மொழிலயோ வரி எழுதி அனுப்புவேன், பாட்டுக்கு 5000 ரூபா, அதோட சரி. இப்ப நாலு பேரு சேந்து நாங்களே வெளியிடுறோம், மூணு பாட்டு ஆச்சு. புதுசா எழுதுற தம்பிங்க எது நல்லதுன்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

உடனே காசு வேணும்னா மொத்தமா குடுக்குறதுதான், அதுல பேச்சே இல்ல. ரெக்கார்டிங், மிக்ஸிங், பாடுறவங்க சம்பளம் எல்லாம் அவங்க தலைல. நாமளே பண்ணா அத்தனையும் நம்ம செலவு, வீட்டுலயே குரல் எடுக்கலாம்னா ஐப்பசி மழ தகரக் கூரைல கொட்டும், ஒரு பல்லவிக்கு ராத்திரி 2 மணி வரைக்கும் மழ விடட்டும்னு காத்துக் கெடந்தோம். யூடியூப் விளம்பரக் காசுக்கு 1000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருஷத்துல 4000 மணி நேரம் பாத்த கணக்கும் வேணும், படுகுப் பாட்டுக்கு அது மெதுவாத்தான் சேரும்.

ஆனா என்னைய மாத்துனது பேரும் உரிமையும்தான். ஸ்டுடியோ பேப்பர்ல எல்லா உரிமையும் நிரந்தரமா அவங்களுக்குன்னு போட்டிருந்துச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு நாள் கட்டபெட்டு பக்கம் கல்யாண வீட்டுல என் பாட்டுக்கு எல்லாரும் ஆடுறாங்க, யூடியூப்ல தொறந்து பாத்தா கேமராக்காரர் பேரு இருக்கு, ட்ரோன் விட்டவர் பேரு இருக்கு, எழுதுனவன் பேரு இல்ல.

அப்பறம்தான் சட்டத்த விசாரிச்சேன். 2012ல பதிப்புரிமைச் சட்டத்த திருத்திட்டாங்க, பாட்டு எழுதுனவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டில, அதாவது பாட்ட பயன்படுத்துறப்போ வர்ற காசுல, தன் சம பங்க வாரிசுக்கோ வசூல் பண்ற பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது, குடுத்தாலும் செல்லாது. உரிமைய எத்தன வருஷத்துக்கு எழுதிக் குடுக்குறோம்னு பேப்பர்ல போடலேன்னா 5 வருஷம்தான் கணக்கு. உரிமை நம்ம ஆயுசுக்கும் அதுக்கு மேல 60 வருஷமும் இருக்கு, அதாவது நம்ம பேரப்புள்ளைங்க வரைக்கும். ஆனா அந்தப் பங்கு தானா வீடு தேடி வராது, ஐபிஆர்எஸ்ங்கிற அந்த வசூல் பண்ற சங்கத்துல உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டயும் யாரு எழுதுனது, யாருக்கு எவ்வளவுன்னு பதியணும். மொத்தமா குடுத்தவங்களும் பதியலாம்தான், ஆனா பாட்டுல பேரே இல்லாதப்போ நான்தான் எழுதுனேன்னு யாருகிட்ட போய் நிரூபிக்கிறது? நாமளே வெளியிட்டா அந்த விவரத்த நாமதான் ஏத்துறோம்.

இது காசுக்கு மட்டும் இல்லீங்க. படுகு ஆல்பம் பாட்டப் பத்தி ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு எங்க ஊருக்கு வந்துச்சு, பழைய கேசட் ஒரு பை நெறைய எடுத்துக் குடுத்தோம், ஒவ்வொரு உறையா திருப்பிப் பாத்துச்சு, பாடுனவர் படம் பெருசா இருக்கு, எழுதுனவர் பேரு பாதிக்கு மேல இல்லவே இல்ல. எழுதுனவங்கள்ல சில பேரு இப்ப உயிரோடயும் இல்ல.

சினிமாவுக்கு நான் ஒரு வரிகூட எழுதுனதில்ல, அதனால அங்க எப்படின்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வீட்டுல கஷ்டம்னா மொத்தமா குடுங்க, தப்பே இல்ல, பேரு போடணும்னு மட்டும் பேப்பர்ல எழுதி வாங்கிக்கங்க. நாங்க இப்ப குரல் எடுத்து முடிச்சதும் மைக்க கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல எழுதுனது, மெட்டு, பாடுனது, யாருக்கு எவ்வளவுன்னு எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுடுறோம்.