தன்னார்வலர் எழுதும் கையேடுகள்: வெளியிடும் முன் சோதனையா, வெளியிட்ட பின் திருத்தமா?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தன்னுடைய சிறிய நிரலுக்கு எழுதிய நிறுவல் கையேட்டைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். எதுவுமே ஏற்றாத புது மெய்நிகர் கணினியை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) திறந்து, அவர் எழுதியதை எழுத்து மாறாமல் அடித்துக்கொண்டே போனேன். மூன்றாவது கட்டளையிலேயே நின்றுவிட்டது. தேவையான லைப்ரரி (நிரல்கள் கடன் வாங்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று அவர் கணினியில் எப்போதோ ஏறியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரிப் பிழை எழுதியவர் கண்ணில் படவே படாது, வேறொருவர் செய்து பார்த்தால்தான் தெரியும். சரி, அந்த வேறொருவர் எப்போது வர வேண்டும்? பெரிய மென்பொருள் திட்டங்கள் இதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன.

இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸின் கையேடுகள் புத்தகம் போடுவதுபோல உருவாகின்றன. ஆவணம் எழுதும் ரைட்டருக்கு ஒன்று, கணக்குத் தாள் போடும் கால்க்குக்கு ஒன்று, படக்காட்சி தயாரிக்கும் இம்ப்ரெஸுக்கு ஒன்று. ஒரு தன்னார்வலர் ஓர் அத்தியாயத்தை எடுத்து ரைட்டரிலேயே எழுதுகிறார். இன்னொருவர் மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் திருத்துகிறார். இப்படி எல்லா அத்தியாயமும் முடிந்த பிறகுதான் முழுக் கையேடு பிடிஎஃப்பாக வருகிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிவரை படிக்கலாம், அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாள் பிடிக்கும். மென்பொருள் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், புதுப் பதிப்பு காண்கிறது. பகல் வேலை முடிந்து இரவில் எழுதுகிறவர்களால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுப்பது கடினம்.

ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்தின் பயனர்கள் சேர்ந்து எழுதும் ஆர்ச் விக்கி இதற்கு நேர் எதிர். திருத்திச் சேமித்த நொடியே பக்கம் மாறிவிடும், சோதனையெல்லாம் அப்புறம்தான். அதனால் கண்டபடி கிடக்கும் என்று நினைத்தால் தவறு. கணக்கு திறக்கப் போனபோது ஒரு கட்டளையைக் காட்டி, அதை ஓட்டினால் என்ன விடை வரும் என்று கேட்டார்கள். ஆர்ச் லினக்ஸ் ஓடும் கணினி கையில் இருந்தால் அரை நிமிட வேலை. பக்கத்தைத் தொடுகிறவர் அந்த மென்பொருளை உண்மையிலேயே பயன்படுத்துகிறவராக இருக்க இதைவிட எளிய வடிகட்டி எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். பராமரிப்புக் குழுவினர் அண்மை மாற்றங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் ஒட்டும் எச்சரிக்கைப் பலகைகள்தான். ஒரு பத்தியில் சொன்னது சரியா என்று ஐயம் வந்தால், அதை உடனே அழிப்பதில்லை. 'இதன் துல்லியம் ஐயத்துக்குரியது' என்றோ 'இது காலாவதியானது' என்றோ அந்த இடத்தின் தலையிலேயே பலகை வைத்து, காரணத்தையும் எழுதி, உரையாடல் பக்கத்துக்கு வழிகாட்டுகிறார்கள். படிக்கிறவர் எந்த வரியை நம்பலாம், எந்த வரியில் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும் என்று அங்கேயே தெரிந்துகொள்கிறார். டெபியன், ஃபெடோரா போன்ற வேறு லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துகிறவர்கள்கூட இந்த விக்கியைத் தேடி வருவதற்கு இந்த நேர்மையும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

இரண்டு வழியிலும் நடந்து பார்த்தது எம்டிஎன். 2005-ல் தொடங்கிய இந்த வலைத் தொழில்நுட்ப ஆவணத் தொகுப்பு நீண்ட காலம் விக்கியாகத்தான் இருந்தது. 2020 டிசம்பரில் உள்ளடக்கம் முழுவதும், பலர் சேர்ந்து நிரல் எழுதும் தளமான கிட்ஹப்புக்குப் போனது. இப்போது எந்தத் திருத்தமும் புல் ரிக்வெஸ்ட்டாக (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கையாக) வந்து, தானியங்கிச் சோதனைகளைத் தாண்டி, ஒருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே வெளியே தெரியும். தரம் கூடும், சந்தேகமில்லை. ஆனால் வாசலில் கதவு போட்டால் திறந்துவிட ஆள் வேண்டும். அதே 2020 ஆகஸ்டில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியையும் எம்டிஎன்னையும் நடத்தும் மொசில்லா செய்த ஆட்குறைப்பு எம்டிஎன் எழுத்தாளர்களையும் பாதித்தது. 2021 ஜனவரியில் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு நிதி திரட்டி எழுத்தாளர்களுக்குச் சம்பளம் தர முன்வந்தது. தன்னார்வலர் திருத்தங்கள் வந்து குவிந்தாலும், அவற்றைப் பொறுமையாகப் படிக்க முழுநேர ஆட்கள் சிலராவது இல்லாமல் இந்த முறை ஓடாது.

1992-ல் தொடங்கிய லினக்ஸ் ஆவணத் திட்டத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தொழில்நுட்பத்துக்கு ஒரு சோதனை, மொழிக்கு ஒரு சோதனை என்று அவ்வளவு கவனமாகச் செய்தார்கள். ஆனால் சோதனை வெளியீட்டோடு நின்றது. எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போனதும் பல கையேடுகள் அப்படியே பழசாகிக் கிடக்கின்றன.

அடுத்தது, எழுதியதை ஊருக்குச் சொல்வது. லிப்ரே ஆபிஸ் புதுக் கையேடு வந்ததும் அறிவிப்பு போடுகிறது. அறிவிப்பு நான்கு நாள் பேசப்படும். அதைவிட உதவி மெனுவிலேயே 'பயனர் வழிகாட்டிகள்' என்று ஓர் இணைப்பு வைத்திருப்பதுதான் நின்று வேலை செய்கிறது. எம்டிஎன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ஃபயர்ஃபாக்ஸ் கன்சோலில் (வலைப்பக்கம் எழுதுகிறவர்கள் பிழைகளைப் பார்க்கும் பலகம்) ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிழை ஒன்று சிவப்பாக விழும்போது, பல பிழைகளுக்குப் பக்கத்திலேயே 'மேலும் அறிய' என்று இருக்கும். அழுத்தினால் அந்தப் பிழைக்கென்றே எழுதிய எம்டிஎன் பக்கம் திறக்கும். தடுக்கி விழுந்த இடத்திலேயே கை நீட்டுவதுபோல.

இரண்டு மூன்று பேர் நடத்தும் சிறு திட்டம் என்றால் என் ஓட்டு ஆர்ச் விக்கி வழிக்குத்தான். படிக்க ஆள் இல்லாத புல் ரிக்வெஸ்ட் வரிசையைவிட, பலகை ஒட்டிய பக்கம் எவ்வளவோ மேல். நிறுவல் பக்கத்துக்கு மட்டும் விலக்கு. அதை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் காலிக் கணினியில் வேறொருவர் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே சிக்கியவர் அடுத்த பக்கத்துக்கே வரமாட்டார். நண்பர் அந்த லைப்ரரியைக் கையேட்டின் முதல் படியாகச் சேர்த்துவிட்டார். அது இல்லாமல் நிரலை ஓட்டினால் வரும் பிழைச் செய்தியின் கடைசி வரியில் இப்போது அந்தப் பக்கத்தின் முகவரியும் இருக்கிறது.