ஆர்கெஸ்ட்ரா பையனுக்கு ஒரு கிட்டார்: யமஹா பசிஃபிகா 112வி

அக்கா மகனுக்கு வயது 19. கும்பகோணம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறான். அதே குழுவில் நான் 20 வருடமாக பேஸ் கிட்டார். மாதத்துக்கு ஆறேழு கச்சேரி வரும். ஆடியில் மாரியம்மன் புண்ணியத்தில் பத்தைத் தாண்டும். போன வருடம் வரை அவன் கையில் இருந்தது பள்ளிக்கூட நாளில் வாங்கிய ஒரு தொடக்கநிலை கிட்டார். பெயர் வேண்டாம். வீட்டில் வாசித்தால் அதன் குறை தெரியாது.

ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தல் முழுக்க எல்இடி, சீரியல் செட், வெளியே ஜெனரேட்டர். இவன் கேபிளைச் செருகியதும் ஸ்பீக்கரில் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஓர் இரைச்சல். சவுண்ட்காரர் என்ன செய்வார், இவன் சேனலை மூடிவிட்டார். பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டார் பிட்டை இவன் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறான், வெளியே ஒன்றும் கேட்கவில்லை. கீபோர்டுக்காரர் சுதாரித்து அந்த பிட்டைத் தான் வாசித்து மானத்தைக் காப்பாற்றினார். திரும்பும்போது வேனில் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "மாமா, புதுசு வாங்கணும்" என்றான்.

அவன் சேர்த்து வைத்திருந்தது 28,000. நான் 12,000 போட்டேன். ஆக 40,000. உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கினோம்.

அவன் மனதில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கறுப்பு நிறம், கொம்பு மாதிரி கூரான உடம்பு, ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஃப்ளாய்ட் ரோஸ் என்பது ஸ்ட்ரிங்கை நட்டிலும் (கழுத்தின் முனையில் ஸ்ட்ரிங் படியும் பள்ளக் கட்டை) பிரிட்ஜிலும் (உடம்பில் ஸ்ட்ரிங் பிடித்திருக்கும் பாகம்) பூட்டிவிடும் அமைப்பு. பிரிட்ஜில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆர்ம் என்ற கம்பியை எவ்வளவு அமுக்கினாலும் ஸ்ருதி திரும்ப வந்து நிற்கும். ராக் பேண்டில் வாசிப்பவனுக்கு அது வரம். எங்கள் பிழைப்பு வேறு. பாட்டுக்கு நடுவில் ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் ஸ்பிரிங் பிடிப்பில் மிதக்கும் இந்த பிரிட்ஜ் பின்னால் சாய்ந்து மற்ற ஐந்தும் ஸ்ருதி விலகிப் போகும். அப்புறம் பூட்டைத் திறக்க ஆலன் கீயைத் தேட வேண்டும். அது எப்போதும் வீட்டில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மேடை ஏறிய பிறகு பாடகி, "அண்ணா, தொண்டை சரியில்ல, இன்னிக்கு எல்லாத்தையும் அரைக்கட்டை குறைச்சுக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டுவார், முடிந்தது. கிட்டார்காரன் சில பாட்டுக்கு கார்டை மாற்றிப் பிடிப்பான், சில பாட்டுக்கு ஸ்ருதியையே இறக்குவான். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு ஸ்ட்ரிங்கை இறக்கினால் அடுத்தது ஏறும், அதை இறக்கினால் முதலில் இறக்கியது ஏறும். அதற்குள் அறிவிப்பாளர் வாழ்த்துரையை இரண்டு தடவை சொல்லி முடித்திருப்பார்.

சரி, எனக்கும் ஒரு பிடிவாதம் இருந்ததைச் சொல்ல வேண்டும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம், ஒன்றுக்கு ஒரே கம்பிச் சுருள்). மெல்லிசை ரிதத்துக்கு அந்த மணி மாதிரியான சத்தத்தை விட்டால் வேறில்லை என்று இருந்தவன் நான்.

அண்ணா சாலையில் 1842-இலிருந்து மியூசி மியூசிக்கல் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அந்தச் சாலையையும் சுற்றுப்புறத்தையும் நடந்தே பார்த்தோம். ஒரு கடையில், "வாங்குறதா இருந்தா ஆம்ப்ல போட்டுத் தர்றேன்" என்றார்கள். எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இல்லாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? வெளியே வந்துவிட்டோம்.

அடுத்த கடையில் தாராளமாக வாசிக்கச் சொன்னார்கள். நான் சொன்ன மூன்று சிங்கிள் காயில் கிட்டாரை முதலில் போட்டான். சத்தம் அருமை. ஆனால் மேலே டியூப்லைட், பக்கத்தில் ரெகுலேட்டர் வைத்த ஃபேன். மெல்லிய ‘உம்’ ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தான், குறைந்தது. சிங்கிள் காயில் ஒரு ஆன்டெனா மாதிரி. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அப்படியே பிடித்துக்கொள்ளும், திசையைப் பொறுத்து ஏறும் இறங்கும். பையன் என்னைப் பார்த்து, "பந்தல்ல எந்தப் பக்கம் மாமா திரும்பி நிக்கிறது?" என்றான். என் பிடிவாதம் அங்கே முடிந்தது.

பசிஃபிகா 112வி-யை எடுத்தது அப்புறம்தான். பசிஃபிகா வரிசை 1990-இல் தொடங்கியது, யமஹாவின் கலிஃபோர்னியா பட்டறையில் வடிவமைத்தது. (சென்னைப் பக்கமே யமஹா தொழிற்சாலை இருக்கிறது, அகௌஸ்டிக் கிட்டார் செய்கிறார்கள். இது இந்தோனேசியாவில் செய்தது.) ஆல்டர் மர உடம்பு, மேப்பிள் நெக் (கழுத்து), அதில் 22 ஃப்ரெட் (குறுக்குக் கம்பி). நெக் பக்கமும் நடுவிலும் சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர். ஹம்பக்கரில் காயில் இரண்டு. எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் மாற்றி வைத்திருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஸ்ட்ரிங் சத்தம் மட்டும் தங்கும். டோன் குமிழை இழுத்தால் அதில் ஒரு காயில் அணைந்து சிங்கிள் காயில் போல ஒலிக்கும். 112ஜே என்று இன்னும் மலிவான தம்பி உண்டு. அதில் இந்த இழுக்கிற வசதி கிடையாது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நெக் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஃப்ரெட்போர்டு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் போல் அதிகம் வளையாமல் சற்றுத் தட்டையாக இருக்கிறது. 15-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே முதல் ஸ்ட்ரிங்கை முழு ஸ்வரம் வளைத்தாலும் சத்தம் செத்துப் போகவில்லை. ஷெனாய், நாதஸ்வர பிட்டுகளைக் கிட்டாரில் வாசிக்க வேண்டிய பிழைப்பில் இது சின்ன விஷயமில்லை.

வாங்கிய மறுநாளே மேடைக்குக் கொண்டுபோகவில்லை. எந்தக் கிட்டாரானாலும் செட்டப் செய்தாக வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் 1,200 ரூபாய் கொடுத்து ஆக்‌ஷன் (ஸ்ட்ரிங்கின் உயரம்) இறக்கி, இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்ருதி சரியா என்று) பார்த்து, 09-42 என்ற மெல்லிய ஸ்ட்ரிங் போட்டோம். பின்னால் ஸ்பிரிங்கை ஐந்தாக்கி இறுக்கி, பிரிட்ஜை உடம்போடு ஒட்டி உட்காரவைத்தோம். ஆர்மைக் கழற்றிப் பையில் போட்டாயிற்று. இப்போது ஒன்று அறுந்தாலும் மற்ற ஐந்து நிற்கும். நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ப்பது என் பழைய வைத்தியம். செலவே இல்லை, வளைத்து விட்ட ஸ்ட்ரிங் ஒழுங்காகத் திரும்பும்.

எட்டு மாதம், ஐம்பது கச்சேரிக்கு மேல் ஆகிவிட்டது. ஜெனரேட்டர் ஓடும் இடங்களில் ஹம்பக்கரிலேயே பாதி நிகழ்ச்சியை ஓட்டுகிறான். ரிதத்துக்கு நெக் பிக்கப்புக்குப் போனால் ‘உம்’ வரத்தான் செய்யும், அது சிங்கிள் காயிலின் குணம். குமிழை இழுத்தால் வால்யூம் ஒரு படி இறங்கும், அதற்கு பிராசசரில் (எஃபெக்ட் பெட்டி) தனியாக ஒரு பேட்ச் (சேமித்த ஒலி அமைப்பு) வைத்திருக்கிறான். கனமான மெட்டல் மட்டுமே வாசிப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். கையில் இன்னும் பணம் இருப்பவர் இதே வரிசையில் 612-ஐப் பார்க்கலாம். அதில் செய்மோர் டங்கன் கம்பெனி பிக்கப்பும் லாக்கிங் கீயும் (ஸ்ட்ரிங்கைப் பூட்டிக்கொள்ளும் ஸ்ருதி முறுக்கி) வருகிறது.

மீந்த பணத்தில் தடித்த பஞ்சு வைத்த பை, இரண்டு நல்ல கேபிள், ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டாரை நேரே மிக்சரில் செருக உதவும் பெட்டி) வாங்கினோம். பழைய கிட்டாரை விற்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஸ்ருதி சேர்த்து நிற்கிறது, அவசரத்துக்கு.

கறுப்புக் கிட்டாரின் படம் இன்னும் அவன் போன் முகப்பில் இருக்கிறது. "தை முகூர்த்தமெல்லாம் முடியட்டும் மாமா" என்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை.